ஆறரை மணி வெயில்

கிழக்குக் கரையில், உப்பங்கழிக் களப்பும் கடலும் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கிற இடத்தில், ஆலம்புட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. தெற்கே ஒரு மதகு, வடக்கே ஒரு முகத்துவாரம், நடுவில் நூற்றிருபது வீடு, ஒரு கடலாச்சியம்மன் கோயில், கோயிலுக்கு ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான் ஊர். அந்த ஊரில் மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஆறரை மணிக்கு, கடலுக்கு மேலே ஒரு முழம் ஏறியிருந்த சூரியன் ஏறினது போதும் என்று நின்றுவிட்டது. சுவர் மணிக்கூடு நின்றது, கைப்போனில் ஆறரை ஆறரையாகவே நின்றது, கோல் எடுத்தால் போகவில்லை. ஆனால் மாடு அசைபோட்டது, அடுப்பு எரிந்தது, அலை அடித்தது, கோழி குஞ்சைக் கூட்டிக்கொண்டு வளவெல்லாம் கிளறித் திரிந்தது, நிழல் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

சனம் முதலில் செய்தது ஓட்டம்தான். கடல் ஒருதரம் எழும்பி வந்து வீட்டுக்கு ஒருவரைக் கொண்டுபோன ஊர் அது. கரையில் எது வழமைக்கு மாறாக நடந்தாலும் பிள்ளையைத் தூக்கு, ஓடு என்பதுதான் அங்கே சட்டம், அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. முன்னால் ஓடியவர்கள் மதகைத் தாண்டித் தார் றோட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தால், தங்களுக்குப் பத்தடி பின்னால் அலறிக்கொண்டு ஓடிவந்த ஆட்கள் மூச்சு வாங்கி முடித்து, வியர்வை காய்ந்து, மதகுக் கட்டில் குந்தி வெற்றிலை சப்பிக்கொண்டிருந்தார்கள். "எங்க போயிட்டீங்க? ஒரு மணித்தியாலமா இஞ்ச காத்துக்கொண்டு இரிக்கம்" என்று அவர்கள் கேட்க, தாண்டியவர்கள் வாயைப் பிளந்தார்கள். மதகுக்கு அங்கால் ஒரு கண்சிமிட்டல், இங்கால் முழுசாய் ஒரு மணித்தியாலம். அன்றைக்கு மட்டுமில்லை, அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும், தினமும் ஆறரைக்கு.

தவமலர் ஓடவில்லை. அவள் வேலைக்குப் போக வெளிக்கிட்டுப் படலையில் கைவைத்துக்கொண்டு நின்றாள். மதகுக்கு அங்கால், களப்போரத்தில் வெள்ளைக்காரர் வந்து வெயில் காய்கிற ஹோட்டலில் அவளுக்கு அறை துப்புரவாக்கும் வேலை, காலை ஏழு மணி தொடக்கம் இரவு ஏழு மணி வரை. புருசன் கட்டாருக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிப் பத்து வருசம். வீட்டுக்குள்ளே பாயில் மகள் விதுர்ஷா கிடந்தாள், பதினாறு வயது, இரத்தத்தில் புற்று. இனிச் செய்ய ஒன்றுமில்லை, பிள்ளைக்கு விருப்பமானதைக் கொடுத்து வீட்டில் வைத்திருங்கள் என்று கொழும்பு ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பி இரண்டு கிழமை. எழும்பி நடக்க முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது? கடல் வந்தால் இரண்டு பேரும் ஒன்றாய்ப் போவோம் என்று நினைத்து, படலையைச் சாத்திவிட்டு, தவமலர் திரும்பி உள்ளே போனாள்.

மருந்துக்கு அந்த வேலை வேண்டும், வேலைக்குப் போனால் பிள்ளையோடு இருக்க முடியாது, இதுதான் அவளுடைய சீவியம். விடிய எழும்பிக் கஞ்சி காய்ச்சி, பிள்ளையைத் துடைத்து, உடுப்பு மாற்றி, கஞ்சியைப் பருக்கி, "போயிட்டு வாறன் மனே" என்று வெளிக்கிட ஆறரை. இரவு ஏழரைக்கு வந்து சேர்ந்தால் நோவுக்குக் கொடுத்த மருந்தில் பிள்ளை நித்திரை. பகலெல்லாம் பார்த்துக்கொண்டது பக்கத்து வளவு நேசராணி. பிள்ளைக்கு மிஞ்சியிருந்ததோ ஐந்தாறு மாதம், அதில் தாய்க்கு என்று ஒரு மணித்தியாலமும் இல்லை. ஆகவே மற்றவர்கள் அம்மனிடம் போய் இது என்ன சோதனை என்று கேட்டபோது தவமலர் ஒன்றும் கேட்கவில்லை. இது தனக்கென்று வந்தது என்று அவள் நம்பினாள், நம்பிவிட்டுப் போகட்டும், பாவம்.

ஊருக்கோ இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. கோயில் நிருவாகம் பார்க்கிற வண்ணக்கர் பூபாலபிள்ளை மூன்றாம் நாள் பின்னேரம் ஸ்பீக்கரில் எல்லோரையும் கூப்பிட்டார். யுத்தகாலத்தில் ஒருமுறை கரண்டை மிச்சம்பிடிக்க என்று அரசாங்கம் நாடு முழுக்க மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபோது, ஆலம்புட்டி ஆட்கள் தங்கள் மணிக்கூட்டைத் தொடமாட்டோம் என்று நின்றவர்கள். கடிதாசியில் புது நேரம், வீட்டில் பழைய நேரம் என்று வருசக்கணக்காய் இரண்டு நேரத்தில் சீவித்தவர்கள். வண்ணக்கர் தன் வீட்டுச் சுவர் மணிக்கூட்டைக் கழற்றிக்கொண்டு வந்து சனத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார்.

"இந்த மணிக்கூட்டை நான் அண்டைக்கும் தொடல்ல, இண்டைக்கும் தொடல்ல. எங்கட்ட இருந்து அப்ப எடுத்த மணித்தியாலம் இதுதான். அம்மாள் பார்த்து இப்ப திருப்பித் தந்திரிக்கா. இது எங்கட முதுசம்!"

சனம் குரவை போட்டது. பாருங்கள், இவ்வளவு காலமும் எது போனாலும் திரும்பி வராத சனம் அது. போன காணி வரவில்லை, போன பிள்ளைகள் வரவில்லை, கடல் கொண்டுபோன எதுவும் வரவில்லை, போனதில் ஒரு மணித்தியாலமாவது திரும்பி வந்ததே என்று கிழவர்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். வந்தது தங்களுடையது என்று அன்றைக்கு முடிவெடுத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அந்த ஊரில் பிறந்திருந்தால் நானும் குரவை போட்டிருப்பேன்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நேசராணி எழும்பி, "இதைக் கண்டவன் நிண்டவனுக்கெல்லாம் சொல்லித் திரிஞ்சா நாவூறு பட்டுப் போகும்" என்றாள். நாவூறு என்றால் ஆலம்புட்டிக்குக் காய்ச்சலை விடப் பயம்; கொழுத்த பிள்ளையைக் கொழுத்த பிள்ளை என்று யாரும் சொல்லமாட்டார்கள், நல்ல மீன்பாடு பட்டால் ஒன்றுமில்லை என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார்கள். ஆகவே வண்ணக்கர் கற்பூரம் கொளுத்தினார், நூற்றிருபது வீட்டாரும் அதன்மேல் கைநீட்டிச் சத்தியம் பண்ணினார்கள்: அந்த மணித்தியாலத்தில் நடந்ததை மதகுக்கு அங்கால் கதைப்பதில்லை, மதகுக்கு இங்காலும் அந்த மணித்தியாலம் முடிந்த பிறகு கதைப்பதில்லை, அந்த நேரத்துக் கதை அந்த நேரத்தோடு. தவமலரும் கை நீட்டினாள். எல்லோரையும் விட இழக்கப் பயந்தவள் அவள்தான், அதனால் எல்லோரையும் விட இறுக்கமாய் வாயைக் கட்டினாள்.

பிறகு பார்க்க வேண்டும் அந்த ஊர்ச் சிறப்பை. இரண்டு கிழமைக்குள் அது அதிசயம் என்பதே மறந்து, குழாயில் தண்ணீர் வருகிற நேரம் மாதிரி அதுவும் ஒரு நேரமாகிவிட்டது. கடலுக்குப் போன ஆண்கள் ஆறரைக்கு முன்னால் கரைக்கு வந்துசேர அடித்துப் பிடித்துக்கொண்டு தோணி வலித்தார்கள், வராதவனை "உன்ட பெண்சாதி உன்னவிட ஒரு மணித்தியாலம் மூத்திட்டா" என்று பகிடி பண்ணினார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் கிழிந்த வலை பொத்தினார்கள், மண்ணை அச்சில் போட்டுக் கல் அரிந்தார்கள். கூரைக்குக் கிடுகு இல்லாத ஒருவன் தென்னோலைக் கிடுகு முழுக்க அந்த நேரத்திலேயே பின்னிக் கூரை வேய்ந்தான், இன்னொருவன் சமைக்க ஒரு குசினியே கட்டி எழுப்பினான். சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கிற பெட்டையொருத்தி கணக்கை அந்த நேரத்தில் பாடமாக்கினாள். விடிகாலை வெள்ளாப்பில் தண்ணீர் அள்ள வந்த இடத்தில் ஒரு பெடியனும் பெட்டையும் கிணற்றடியில் கண்டு பழகி, மணித்தியாலம் முடிந்ததும் யாரோ எவரோ மாதிரிப் பிரிந்து போனார்கள், சத்தியம் அல்லவா. சேவல்கள் தொடக்கத்தில் ஒருதரமும் முடிவில் ஒருதரமும் கூவப் பழகிக்கொண்டன.

தவமலரும் மகளும் அந்த மணித்தியாலங்களில் என்ன கதைத்தார்கள் என்று கேட்பீர்கள். அதை நான் சொல்ல முடியாது, ஏன் என்று கடைசியில் விளங்கும். படலைவரை போனவள் திரும்பி உள்ளே வருவாள், மணித்தியாலம் முடிந்ததும் வெளியே போவாள், அதுமட்டும்தான் சொல்லலாம். உள்ளே போகிறபோது இருந்த முகமும் வெளியே வருகிறபோது இருந்த முகமும் வேறு வேறு. மருந்தும் மயக்கமும் இல்லாத, பிள்ளை தெளிவாய்க் கண் திறந்திருக்கிற நேரம் அது ஒன்றுதான். ஏப்ரல் போயிற்று, ஹோட்டலில் வெள்ளைக்காரர் வந்து நிறைந்தார்கள், ஆளுக்காள் மணலில் படுத்து முதுகைச் சிவப்பாக்கினார்கள், குளிருக்கு ஓடி வந்தோம் என்றார்கள். தவமலர் அவர்களுடைய படுக்கையை விரித்து, வாளி கழுவி, குளியலறை துடைத்து, மனசுக்குள் காலையில் கேட்டதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு பகலைத் தள்ளினாள். மே போயிற்று, யூன் போயிற்று, யூலை போயிற்று.

ஓகஸ்ட் கடைசியில் ஒரு நாள், மணித்தியாலம் முடிந்து வேலைக்குப் போகிற வழியில், மதகில் நின்று தவமலர் தன் நீலச் சேலைத் தலைப்பில் ஒரு முடிச்சுப் போட்டாள். மகள் அன்றைக்குத் தாயிடம் ஒன்று கேட்டிருந்தாள், தான் போன பிறகு செய்யச் சொல்லி. "இதை மறந்திரக் கூடா" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, பல்லால் கடித்து இழுத்து முடிச்சை இறுக்கினாள்.

செப்டம்பர் எட்டாம் தேதி பின்னேரம் மூன்று மணிக்கு விதுர்ஷா போய்விட்டாள். தாய் அந்த நேரம் ஹோட்டலில் ஓர் அறையில் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். நேசராணி மதகுவரை ஓடிவந்து கத்தியது ஹோட்டல்வரை கேட்டது. தவமலர் வந்து பிள்ளையின் காலடியில் விழுந்து கிடந்தாள், தூக்க நாலு பேர் தேவைப்பட்டது. ஆனாலும், உள்ளதைச் சொல்ல வேண்டும், துக்கம் காத்த முப்பத்தொரு நாளும் அவள் முறிந்து போகவில்லை. "நூற்றி அறுபத்திமூண்டு மணித்தியாலம் என்ட பிள்ளையோட இருந்திட்டன், எந்தத் தாய்க்குக் கிடைக்கும்?" என்று நேசராணியிடம் சொன்னாள். அந்த நூற்று அறுபத்துமூன்றை ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் எழும்பினாள், சாப்பிட்டாள், திரும்ப வேலைக்குப் போனாள்.

ஒக்டோபர் பிறந்து மழை தொடங்கியது. ஹோட்டலில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். லோன்றியில் ஆதம்லெவ்வை என்று ஒருவர், பக்கத்து ஊர், ஐம்பத்தைந்து வயது, படுக்கை விரிப்புகளை மெசினில் போட்டு எடுத்து மடித்து வைப்பது அவர் வேலை. தவமலர் அவரை அண்ணன் முறையில் காக்கா என்பாள், அவர் இவளைத் தங்கச்சி என்பார். ஒரு வெள்ளிக்கிழமை விரிப்பை இருவரும் இரண்டு நுனியில் பிடித்து உதறிக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார்:

"நாளையிண்டைக்கு ஞாயிறு வெள்ளைக்காரங்கட ஊருல மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்புறாங்களாம், தங்கச்சி. அந்தப் பத்தாம் நம்பர் அறைக் கிழவி சொல்லிச் சிரிக்கிறா."

"என்னத்துக்குத் திருப்புற?"

"வெயில் தொடங்கக்குள்ள ஒரு மணித்தியாலத்தை எடுத்து வைக்கிறதாம், குளிர் தொடங்கக்குள்ள அதைத் திருப்பி எடுக்கிறதாம். பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கிறாங்களாம். மார்ச் கடைசி ஞாயிறு எடுத்து வச்சதாம்."

தவமலரின் கை நின்றது. "எடுத்து எங்க வைக்கிற காக்கா?"

ஆதம்லெவ்வை சிரித்தார். "அதை நான் கேக்கல்ல. தங்கட ஊருல வச்சாக் குளிருல விறைச்சுப் போயிரும். ஓடி ஓடி வந்து எங்க கிடக்கிறாங்க? இஞ்சதானே? இஞ்சதான் எங்கயும் ஒரு மூலையில வச்சிரிப்பாங்க."

அன்று இரவு வீட்டுக்குப் போகிற வழியில் தவமலர் வண்ணக்கர் வீட்டுப் படலையில் நின்று விசயத்தைச் சொன்னாள். அவர் பதறிப்போய், "அந்த நேரத்துக் கதையை இந்த நேரத்துலயா கதைக்கிற?" என்று கையால் வாயைப் பொத்தச் சொன்னார். பிறகு குரலை இறக்கி, "வெள்ளைக்காரன் எடுத்து வைக்க அது அவன்ட சாமானா? அது எங்கட்ட இருந்து எடுத்தது, எங்களுக்கு வந்தது. போய்ப் படு கா" என்றார். தவமலர் படலையை விட்டு நடந்தாள். எடுத்தால் எடுக்கட்டும், இனி அந்த மணித்தியாலம் இருந்தாலென்ன போனாலென்ன, தனக்கு வேண்டியது கிடைத்தாயிற்று என்றுதான் அவள் நினைத்தாள். வருகிற மணித்தியாலம்தான் நிற்கும், வந்த மணித்தியாலங்களையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவார்கள் என்று யார் கண்டது?

ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு வெயில் நிற்கவில்லை. மழை முகிலுக்கு நடுவே ஒரு முழம் ஏறிய சூரியன் ஒன்றரை முழம் ஏறியது, இரண்டு முழம் ஏறியது. அதோடு தொடங்கியது. பொத்திய வலையெல்லாம் ஒவ்வொரு கண்ணாய்ப் பிரிந்தது. வேய்ந்த கூரையில் கிடுகு ஓலையாய்க் கழன்று விழுந்து வீடு வானம் பார்த்தது. கட்டிய குசினி இருந்த இடத்தில் கல்லாய் அரியாத மணலும் குழைக்காத மண்ணும் குவிந்து கிடந்தன. கணக்குப் பாடமாக்கிய பெட்டை கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, "இது ஆருடைய எழுத்தும்மா?" என்று கேட்பதற்குள் எழுத்தும் மறைந்து வெறும் தாள் ஆயிற்று. கிணற்றடியில் அந்தப் பெடியன் அந்தப் பெட்டையிடம் "நீங்க ஆருட மகள்?" என்று கேட்டான், அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். எல்லோருக்கும் அப்படி ஒரு மணித்தியாலம் இருந்தது தெரியும், அதில் என்ன இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

தவமலர் வாசலில் குந்தியிருந்து ஊர் அலறுவதைக் கேட்டாள். தனக்கு இழக்க ஒன்றுமில்லை என்று எண்ணிக்கொண்டு, வழக்கம்போல மகளை நினைக்கத் தொடங்கினாள். கஞ்சி பருக்கியது நினைவு வந்தது. துடைத்துவிட்டது நினைவு வந்தது. "போயிட்டு வாறன் மனே" என்று தான் சொன்னது நினைவு வந்தது. படலை நினைவு வந்தது. திரும்பி உள்ளே போனது நினைவு வந்தது. அதற்குப் பிறகு மதகு.

இன்னொரு நாளை எடுத்துப் பார்த்தாள். கஞ்சி, படலை, மதகு. இன்னொரு நாள். கஞ்சி, படலை, மதகு. நூற்று அறுபத்துமூன்று நாளையும் எடுத்துப் பார்த்தாள். பிள்ளை சிரித்தாளா அழுதாளா, பயமாயிருக்கு என்றாளா, அம்மா என்று எந்தக் குரலில் கூப்பிட்டாள், ஒன்றுமில்லை, ஒரு சொல் இல்லை. செத்தது மட்டும் பின்னேரம் மூன்று மணி என்றபடியால் சாவு அப்படியே இருந்தது.

பெட்டியைத் திறந்து நீலச் சேலையை எடுத்தாள். தலைப்பில் முடிச்சு இருந்தது. முடிச்சுப் போட்டது நன்றாய் நினைவிருந்தது, பல்லில் கடித்தது, மறந்திரக் கூடாது என்று வாய்விட்டுச் சொன்னது, மதகுக்குக் கீழே தண்ணீர் ஓடிய சத்தம்கூட நினைவிருந்தது. பிள்ளை என்ன கேட்டாள் என்பது இல்லை. அப்போதுதான் தவமலர் கத்தினாள். மகள் செத்த அன்றும் அப்படிக் கத்தவில்லை என்று நேசராணி பின்னால் சொன்னாள்.

வண்ணக்கரிடம் ஓடினாள், நேசராணியிடம் ஓடினாள், "என்ட பிள்ளை என்ன கேட்டவள் எண்டு நான் உங்கட்டச் சொன்னனா?" என்று வீடு வீடாய்க் கேட்டாள். யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஏழு மாதம் ஊரே வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தது, வாயைக் கட்டினால்தான் நிலைக்கும் என்று. ஒருவருக்கொருவர் சொல்லி வைத்திருந்தால் சொன்னதாவது மிஞ்சியிருக்கும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. வண்ணக்கர் அந்தச் சுவர் மணிக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு யாருடைய முகத்தையும் பார்க்காமல் இருந்தார்.

திங்கட்கிழமை லோன்றிக்குள் தவமலர் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து ஆதம்லெவ்வை மெசினை நிறுத்தினார். அவள் சத்தியத்தையும் நாவூறையும் தூக்கி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"காக்கா, நான் உங்கட்ட எண்டைக்காவது, என்ட பிள்ளை சொன்னதெண்டு, ஏதும் சொன்னனா?"

அவர் நிறுத்திய மெசினில் சாய்ந்துகொண்டார். "நீ சொல்ற ஆள் இல்லையே தங்கச்சி. கேட்டாலும் ஒண்டுமில்ல எண்டு போயிருவாய்." பிறகு கையை உயர்த்தினார். "பொறு. ஒரு நாள் சிரிச்சுக்கொண்டு வந்தாய். வெயில் காலம். என்ன கா சிரிப்பு எண்டு கேட்டன். 'காலையில மகள் என்ட கையை மணந்து பார்த்திட்டு, அம்மா, உன்ட கை ஹோட்டல் மணக்குது, கருவாடு மணக்கிற அம்மாவைத்தான் எனக்கு வேணும் எண்டு சொல்றாள்' எண்டாய். ஹோட்டலுக்கு வர முந்தி நீ கருவாடு வித்த தானே. அதான் நான் உனக்கு அந்த மஞ்சள் சவர்க்காரக் கட்டி தந்தன், வாசமில்லாதது, இஞ்சத்தைய வாசத்தைக் கழுவிப்போட்டு வீட்ட போ எண்டு."

தவமலரின் கிணற்றடியில் அந்த மஞ்சள் சவர்க்காரம் இருந்தது. பாதி தேய்ந்து போயிருந்தது. ஏன் தினமும் காலையில் படலையைத் திறக்குமுன் அதால் கை கழுவுகிறேன் என்று அவளுக்கே தெரியாமல் நேற்றும் கழுவியிருந்தாள்.

"திரும்பச் சொல்லுங்க."

அவர் திரும்பச் சொன்னார். சொன்னவளிடமிருந்து அதுவும் போயிருந்தது, கேட்டவரிடம்தான் மிஞ்சியிருந்தது, அவளுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. யாரோ ஒரு தாயும் யாரோ ஒரு மகளும் கதைத்த கதையாய்த்தான் இருந்தது. ஆனாலும் அவளுடைய பிள்ளை அப்படிச் சொல்லக்கூடிய பிள்ளைதான், குறும்பு பிடித்தது. "இன்னொருக்கா" என்றாள்.

மாரி மழை முழுக்க, தினமும் லோன்றியில், அவர் சொல்ல அவள் கேட்பது நடந்தது. அடுத்த மார்ச் கடைசி ஞாயிறு வந்தது, ஆறரைக்கு வெயில் திரும்ப நின்றது, ஆனால் இந்தமுறை யாரும் ஓடவும் இல்லை, குரவை போடவும் இல்லை. முதல் இரண்டு கிழமை சனம் கதவைச் சாத்திக்கொண்டு குப்புறப் படுத்து அந்த மணித்தியாலத்தைக் கழித்தது, எதையும் செய்யாவிட்டால் எதுவும் போகாது அல்லவா. அப்புறம் யாருக்கு முதலில் அந்தப் புத்தி வந்ததோ தெரியாது, ஒருநாள் ஒரு வீட்டில் ஒரு பெண் எழும்பியிருந்து, கடல் கொண்டுபோன தன் தம்பியை நினைத்து ஒப்பாரி வைத்தாள். இது எப்படியும் ஒக்டோபரில் போகப்போகிற அழுகைதானே, நன்றாய் அழுது தீர்த்தால் கவலையும் அதோடு போய்விடும் என்றாள். அடுத்த நாள் அந்த ஒழுங்கையில் இருந்த வீடெல்லாம் அழுதது. அதற்கடுத்த நாள் ஊரே அழுதது. வண்ணக்கர் ஸ்பீக்கரில், "அழ வேண்டிய ஆக்கள் எல்லாம் ஆறரைக்கு அழுங்க, ஏச வேண்டிய ஆக்களும் ஆறரைக்கு ஏசுங்க" என்று அறிவித்தார். காணாமல் போன பிள்ளைகளுக்கு, எரிந்த தோணிகளுக்கு, போன காணிக்கு, செய்த பாவத்துக்கு என்று நூற்றிருபது வீடும் தினமும் ஒரு மணித்தியாலம் மாரடித்து அழுதுவிட்டு, சேவல் இரண்டாம் தரம் கூவியதும் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போயிற்று. அந்த வருசந்தான் அந்த ஊர் நன்றாய் நித்திரை கொண்டது என்று சொல்வார்கள்.

நேசராணி வேலியால் எட்டி, "வா கா மலர், நீயும் வந்து அழு. மழை தொடங்க எல்லாம் போயிரும், நெஞ்சு லேசாகும்" என்று கூப்பிட்டாள்.

"அதுவும் போனா என்னட்ட என்ன கா இரிக்கும்?" என்றாள் தவமலர்.

தவமலர் மஞ்சள் சவர்க்காரத்தால் கையைக் கழுவி, நீலச் சேலையை உடுத்துக்கொண்டு, ஆறு இருபதுக்கே படலையைத் திறந்தாள். சேலை வெளுத்துவிட்டது, தலைப்பில் முடிச்சு மட்டும் அவிழாமல் இருந்தது. எட்டி நடந்து, ஆறு இருபத்தெட்டுக்கு மதகைத் தாண்டினாள். அங்கால் தார் றோட்டில் திரும்பி நின்று பார்த்தால் ஊர் ஒரு கண்சிமிட்டலில் கண் சிவந்து, முகம் வீங்கி, அழுது முடித்திருந்தது. ஒரு நாள் தவறாமல் இப்படித்தான், அந்த மணித்தியாலம் தன்மேல் படாமல் போனாள்.

லோன்றியில் ஆதம்லெவ்வை முதல் கட்டு விரிப்பை எடுத்து வைத்திருந்தார். அவள் ஒரு நுனியைப் பிடித்தாள், அவர் மறு நுனியைப் பிடித்தார்.

"சொல்லுங்க காக்கா."

அவர் சொன்னார். கையை மணந்து பார்த்ததைச் சொன்னார், ஹோட்டல் மணக்குது என்றதைச் சொன்னார், கருவாடு மணக்கிற அம்மாவைச் சொன்னார். பிறகு அவளுடைய சேலைத் தலைப்பைப் பார்த்து, "மறுகா, அம்மா, நான் போன பிறகு நீ சந்தோசமா இரிக்கணும், அதுதான் நான் கேக்கிற எண்டும் சொன்னவளாம். இப்பதான் எனக்கு ஞாபகம் வருது" என்றார்.

தவமலர் அவருடைய முகத்தைப் பார்த்தாள். இரக்கமுள்ள மனிசன், பொய் சொல்லப் பழகாத மனிசன், கண் விரிப்பை விட்டு எழும்பவில்லை. அதை ஏற்றுக்கொண்டால் முடிச்சை அவிழ்த்துவிடலாம். அவளுடைய கை முடிச்சுவரை போயிற்று.

"வேணாம் காக்கா" என்றாள். "உள்ளதை மட்டும் சொல்லுங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னார், கருவாடு மணக்கிற அம்மாவோடு நிறுத்தினார். தவமலர் தன் கையை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தாள். பிறகு மதகுக்கு அங்கால், யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாத நேரத்தில் நின்று, அழுதாள்.